கோடிட்ட இடம்

ஏழாம் வகுப்பு, முதல் பருவம், அறிவியல்.
ஆறாவது கேள்வி:
தண்ணீர் ______ டிகிரி செல்சியஸில் கொதிக்கும்.
முப்பத்திரண்டு தாள்.
பூம்பாறையில் மழை பிடித்த ராத்திரி,
கரண்ட் போய்ப் போய் வந்தது.
சரி சரி சரி என்று ஓடிவந்த பேனா
வேலப்பன் தாளில் நின்றது.
93 என்று எழுதியிருந்தான்.
பக்கத்தில் பொடியாக: 'இங்க'.

பெருக்கல் குறி போட்டேன்.
அடுத்த தாளை எடுத்தேன்.

எட்டுத் தாள் தாண்டித்தான் உறைத்தது.
ஆடி மாசம் ஒரு புதன்கிழமை,
ஸ்பிரிட் விளக்கைச் சுற்றி இத்தனை தலைகள்,
பீக்கரில் தண்ணீர் தளதளக்க
வெப்பமானியைப் படித்துச் சொன்னது அவன்தான்.
"தொண்ணூத்தி மூணு டீச்சர். அதுக்கு மேல ஏறல."
இன்னும் கொஞ்சம் பொறு என்றேன்.
பொறுத்தான்.
ஏறவில்லை.
மணியடிக்க நாலு நிமிஷம் இருந்தது.
"பழசு, கோளாறு.
நூறுன்னு எழுதிக்கோங்க."
எழுதிக்கொண்டார்கள்.

கண்ணால் பார்த்ததை அழித்துவிட்டுக்
காதால் கேட்டதை எழுதுவது எப்படி,
அதைத்தான் அன்றைக்கு நடத்தியிருக்கிறேன்.
நன்றாகவே நடத்தியிருக்கிறேன்:
முப்பத்தொரு பேருக்கு முழு மதிப்பெண்.

காலையில் பிரேயருக்கு முன்னால்
அலமாரியில் உறை பிரிக்காத இரண்டை எடுத்துப்
பழையதோடு சேர்த்து முக்கினேன்.
மூன்றும் தொண்ணூற்று மூன்றைத் தொட்டு
அரைக்கோடு ஏறி நின்றுகொண்டன.

வகுப்பில் கேட்டேன்:
அன்னைக்கு தொண்ணூத்தி மூணை யார் யார் பார்த்தது?
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து
மெதுவாக ஒரு கை. பிறகு முன்வரிசை முழுக்க.
"அப்புறம் ஏன் நூறு?"
"பரிட்சைக்கு நூறு டீச்சர்" என்றாள் ரூபிணி,
இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

வேலப்பனைப் பாராட்ட வாயெடுத்தேன்.
"கோளாறுன்னு சொன்னீங்களா டீச்சர்?
நான் வெளக்க அணைச்சிட்டு இருந்தேன், கேக்கல.
புத்தகத்துல நூறுன்னு இருந்துச்சு.
அது அவங்க ஊருக்கு.
அதான் 'இங்க'ன்னு போட்டேன்."
மற்ற பதில்களில் பாதி தப்பு அவனுக்கு.
மதிப்பெண் ஏற்கெனவே கணினியில் ஏறிப் பூட்டியாயிற்று.
தாளில் மட்டும் என் பெருக்கல் குறியை அடித்துக்
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்,
என் பிழைத்திருத்தம்.

ஏன் இங்கே குறைவு?
கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.
அது எவ்வளவு கஷ்டம் என்று
பயிற்சிக் கல்லூரியில் யாரும் சொல்லவில்லை.
பூண்டு வயல் பக்கமிருந்து கிளம்பிய மஞ்சு
வாசல் வழியாக வந்து
இரண்டு பெஞ்சை நனைத்துவிட்டுச்
சன்னல் வழியாகப் போகும்வரை
நானும் பேசவில்லை, அவர்களும் பேசவில்லை.

"குளிருனால" என்றது ஒரு குரல்.
"எங்க வீட்டுல குக்கர் இல்லாட்டி
பருப்பு வேகவே வேகாது" என்றது இன்னொன்று.
கடைசி பெஞ்சில், ஜூனிலிருந்து வாய் திறக்காத முத்துராக்கு:
"மேல காத்து கம்மி. அமுக்க ஆளில்ல."

மூன்றையும் கரும்பலகையில் எழுதினேன்.
எதற்கும் டிக் போடவில்லை.
கை துறுதுறுத்தது.

வெள்ளிக்கிழமை நான் ஊருக்கு இறங்குவேன்,
அங்கே எவ்வளவு இருக்கும்?
ஆளுக்கொரு சீட்டு.
வளைவுக்கு வளைவு சாயும் பேருந்தில்
மடியில் வைத்துப் பிரித்தேன்.
நூறு. நூறு. தொண்ணூற்றைந்து.
நூற்றிரண்டு, ஏனென்றால் அங்கே வெயில்.
ஒருத்தி எழுதியிருந்தாள்:
தெரியாது, பாத்துட்டு வந்து சொல்லுங்க.
அதை மட்டும் தனியாக மடித்துப் பர்ஸில் வைத்தேன்.

ஞாயிறு காலை, வத்தலகுண்டு, என் அடுப்பு.
பத்தொன்பது வருஷம் நூறு என்று சொல்லிக்கொடுத்தவள்
முதல்முறையாகக் குனிந்து பார்க்கிறேன்.
தண்ணீர் தளதளக்கிறது.
நூறுக்கு ஒரு கோடு கீழே நிற்கிறது பாதரசம்.

இன்னும் கொஞ்சம் பொறுத்தேன்.
ஏறவில்லை.